யாருடைய சுவர், யாருடைய பெயர்?

கிராஃபிட்டி கலையாக உயர்ந்துவிட்டது என்று இலக்கிய நண்பர்கள் பூரிக்கிறார்கள். சான்றும் தருகிறார்கள். மன்ஹாட்டன் சுவர்களில் 'சேமோ' என்று எழுதித் திரிந்த பாஸ்கியாவின் ஓவியம் 2017இல் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. சென்னையில், குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரின் சுவர்களில் 2020இல் பெயிண்ட் நிறுவனமொன்றின் ஆதரவோடு பேரோவியங்கள் எழுந்தன. அவை அழகானவை, அதில் நமக்கு ஐயமில்லை. அம்மக்களின் முகங்கள்கூட அங்கே உண்டு. ஆனால் வரைந்த கை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. அதைச் சுவரோவியம் என்போம். கிராஃபிட்டி என்று ஒப்பமாட்டோம்.

ஏனெனில் கிராஃபிட்டியின் வேர் பெயரில் இருக்கிறது. நியூயார்க்கில் கடிதங்களைக் கொண்டுசேர்க்கும் வேலை பார்த்த ஓர் இளைஞன் போகுமிடமெல்லாம் 'டாக்கி 183' என்று எழுதிவைத்தான். 183 அவன் குடியிருந்த தெருவின் எண். 1971இல் நியூயார்க் டைம்ஸ் அவனைப் பற்றி எழுதியது. ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் பிராங்க்ஸ் விருந்து நடந்ததோ 1973 ஆகஸ்ட் 11இல். எழுத்து முந்தியது, இசை பிந்தியது. கைவிடப்பட்ட குடியிருப்புகளின் பிள்ளைகள் ரயில்பெட்டியிலும் ஒலிவாங்கியிலும் தம் பெயரை உரக்கச் சொன்னதே இரண்டையும் உறவாக்கியது.

அந்த உறவை ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் தேடிப் பாருங்கள். மைல்கணக்கில் மதிற்சுவர்கள்; அவற்றின்மேல் நிறுவனங்களின் பெயர்கள். உள்ளே உழைப்பவரின் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையோடு சரி. 2024 செப்டம்பரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தம் சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள் நீடித்தது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் கூடாதென நிர்வாகம் ஆட்சேபித்தது. உயர்நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில்தான் அச்சங்கம் பதிவேட்டில் ஏறியது. குளிர்பதனப் பெட்டிகளில் அந்தப் பெயரைப் பதித்து அனுப்பும் கைகள், தம் சங்கத்துக்கு அதை எழுத வழக்காட வேண்டியிருந்தது!

தமிழகத்தில் சுவரெழுத்து புதிதா என்று கேட்பார்கள். கட்சிகள் ஆண்டு குறித்து முன்பதிவு செய்யும் சுவர்களும் வலுத்தவர்களின் சுவர்களே. சாமானியன் எழுதினால் 1959ஆம் ஆண்டுச் சட்டம் காத்திருக்கிறது.

நாளை ஒரகடத்து மதில்களுக்கும் வண்ணம் பூச யாரேனும் வரலாம். அன்று நாம் கேட்கப்போவது ஒன்றுதான்: உள்ளே வேலை செய்பவர் தம் பெயரை அதில் எழுதலாமா? கூடாதெனில், கலை என்ற சொல்லை அங்கே கொண்டுவராதீர்கள்.