முக்காலி மேல் புடவைக் கட்டு

ஆடித் தள்ளுபடி முடிந்த மறுவாரம். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். மதிய நேரம், கூட்டமே இல்லை. "உட்காருங்கக்கா" என்று புடவை செக்‌ஷன் பெண் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இருபது வயதுதான் இருக்கும். பத்துப் புடவையை விரித்துக் காட்டி, திரும்ப மடித்து அடுக்கி, அதற்கப்புறமும் நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு முக்காலி. அதன்மேல் புடவைக் கட்டு.

"நீயும் செத்த உட்காரேம்மா" என்றேன்.

"கேமரா இருக்குக்கா" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அந்த முக்காலி சும்மா வந்துவிடவில்லை. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி முன்னின்று, உட்காரும் உரிமைக்காகக் கடைப்பெண்களைத் திரட்டிப் போராடினார். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. நம் தமிழகச் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பர் 6 அன்று அமைச்சர் சி.வெ.கணேசன் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்க்கும்போது அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்கிறது அது. ஜவுளிக்கடை ஊழியரின் பாட்டைச் சொல்லும் 'அங்காடித் தெரு' படத்தை வசந்தபாலன் எடுத்து அப்போது பதினோரு ஆண்டு ஆகியிருந்தது.

சட்டம் முக்காலியைக் கடைக்குள் கொண்டுவந்துவிட்டது. "உட்காரும்மா" என்று முதலாளிதான் சொல்ல வேண்டும்.

ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கான காரணத்தை அமெரிக்கப் பேராசிரியர் லெனார்ட் பெர்ரி 1981-இலேயே எழுதினார். ஊழியரையும் வாடிக்கையாளராகப் பாருங்கள். நீங்கள் தரும் வேலைதான் அவருக்கு நீங்கள் விற்கும் சரக்கு என்பது அவர் வாதம். 'உள் சந்தைப்படுத்தல்' என்று மேலாண்மை வகுப்பில் இதைப் படிக்கிறார்கள். எங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தில் போல்ட் கடைகிறவரின் மனக்கசப்பு போல்ட்டில் தெரியாது; அளவு சரியாக இருந்தால் வாங்குகிறவர் எடுத்துப் போய்விடுவார். கடையில் அப்படி இல்லை. அந்தப் பெண்ணின் முகமும் பேச்சும் பொறுமையும் புடவையோடு சேர்ந்தே நம் கைக்கு வருகின்றன. கால் கடுக்க நிற்பவளிடம் அவற்றை எவ்வளவு நேரம் எதிர்பார்க்க முடியும்?

ஆவடியிலும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் புதிது புதிதாகக் கடைகள் திறக்கிறார்கள். கண்ணாடி முகப்புக்கும் விளம்பரத்துக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். முக்காலியில் இருக்கும் புடவைக் கட்டை இறக்கி வைக்கக் காசு வேண்டாம். தீபாவளிக் கூட்டம் வருமுன் அதைச் செய்யுங்கள். கேமரா உட்காருகிறவரைப் பிடிப்பதற்கு அல்ல என்பதை சூப்பர்வைசரிடம் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

நமக்கும் இதில் பங்குண்டு. நாம் படியேறும்போது ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், அவள் பதறி எழுவதற்குள் நாமே சொல்லிவிடலாம்: "இரும்மா, மெதுவா எழுந்து வா."