யாரால் கருதப்படுகிறது?

ஆய்வேட்டில் 'நான்' வந்தாலே புறவயத்தன்மை போய்விடுமாம். 'கருதப்படுகிறது', 'கண்டறியப்பட்டுள்ளது' என்றுதான் எழுத வேண்டுமாம். யாரால் கருதப்படுகிறது? அதைத்தானே அந்த வாக்கியம் மறைக்கிறது!

டி.என்.ஏ.வின் அமைப்பை முன்வைத்து வாட்சனும் கிரிக்கும் 1953இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை 'நாங்கள்' என்றுதான் தொடங்குகிறது. டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் 'நான்' தாராளமாக வரும். தன் கோட்பாட்டுக்கு எதிரான சிக்கல்களுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். புறவயம் என்றால் அது.

இயற்பியலாளர் ஆலன் சோகல் வேண்டுமென்றே அபத்தமாக ஒரு கட்டுரை எழுதி, கனத்த கலைச்சொற்களும் அடிக்குறிப்புகளும் பூசி 'சோஷியல் டெக்ஸ்ட்' இதழுக்கு அனுப்பினார். 1996இல் அது அச்சேறிவிட்டது. நடையை மதித்தவர்கள் சரக்கைச் சோதிக்கவில்லை.

கொச்சை வேண்டாம், மிகை வேண்டாம் என்றால் சரி, மறுப்பில்லை. ஆனால் அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடே, செய்தவர் நீங்கள் என்றால் தன்மையில் எழுதுங்கள் என்கிறது. நம் ஊர் நெறியாளர்களில் பலர் இன்னும் மாணவரை 'ஆய்வாளர்' என்று தன்னையே படர்க்கையில் அழைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் (பணிவாம்!). மாதிரியைத் தேர்ந்தவர் யார், ஒவ்வாத விடையைத் தள்ளியவர் யார் என்பது ஏட்டில் இருக்கட்டும். வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டுமே.