சின்ன பேட்டரிக்கு யார் பொறுப்பு?

பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் என்பதுதான் ஹைபிரிட் கார்களை விற்போர் முன்வைக்கும் முதன்மையான வாக்குறுதி. பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் இணைந்து இயங்கும் இந்தக் கார்களை வாங்கத் தயங்கிய நடுத்தர வர்க்கத்தினரின் அச்சத்தைப் போக்கியதில் அந்த வாக்குறுதிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், ஹைபிரிட் காரில் இருப்பது ஒரு பேட்டரி அல்ல, இரண்டு என்பதும், 8 ஆண்டு உத்தரவாதம் அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே என்பதும், காலையில் அலுவலகம் கிளம்பும்போது கார் அசைய மறுக்கும் நாளில்தான் பலருக்கும் தெரிய வருகிறது.

நூறு வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் கொண்ட பெரிய பேட்டரிதான் சக்கரங்களைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் தருகிறது. விளம்பரங்களில் இடம்பெறுவதும் அதுதான். அதைத் தவிர, சாதாரண கார்களில் இருப்பதைப் போன்ற 12 வோல்ட் துணை பேட்டரி ஒன்றும் இருக்கிறது. காரின் கணினிகளை விழித்தெழச் செய்வதும், பெரிய பேட்டரியை மின்சுற்றுடன் இணைக்கும் ரிலேக்களை இயக்குவதும் இந்தச் சின்ன பேட்டரியின் வேலை. அது செயலிழந்தால் பெரிய பேட்டரியில் முழு மின்சாரம் இருந்தும், டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் பயனில்லை. தேருக்கு அச்சாணி போல என்று சொல்லலாம். அந்த அச்சாணிக்குத்தான் தேரைச் செய்தவர் பொறுப்பேற்பதில்லை.

பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ள முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால், கார் இயக்க நிலையில் இருக்கும்போது மட்டும். காரை நிறுத்தியதும், பாதுகாப்பு கருதி, உயர் மின்னழுத்த பேட்டரி மற்ற எல்லாவற்றிலிருந்தும் துண்டிக்கப்பட்டுவிடும். அது சரியான ஏற்பாடுதான். ஆனால், அதன்பிறகும் காரில் சில கருவிகள் உறங்குவதில்லை. திருட்டு எச்சரிக்கை மணி, சாவி அருகில் வருகிறதா என்று காத்திருக்கும் வாங்கி, செல்போனுக்குத் தகவல் அனுப்பும் இணைப்புக் கருவி ஆகிய அனைத்தும் நிறுத்தப்பட்ட காரில் சின்ன பேட்டரியையே உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டு, தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார்கள் வாரக்கணக்கில் நின்றபோது எல்லா வகைக் கார்களுக்கும் இந்த நிலை ஏற்பட்டது. வசதிகள் பெருகப் பெருக, நிற்கும் காரின் பசியும் பெருகியிருக்கிறது.

இதில் ஹைபிரிட் கார்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண காரில் பேட்டரி தளரத் தொடங்கினால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும்; ஓட்டுபவர் எச்சரிக்கை அடைந்து, அந்த வாரமே பேட்டரி கடைக்குப் போய்விடுவார். முழு ஹைபிரிட் கார்களில் பொதுவாக 12 வோல்ட் ஸ்டார்ட்டர் மோட்டாரே இல்லை. என்ஜினைச் சுழற்றுவது உயர் மின்னழுத்த மோட்டார். கணினிகளையும் ரிலேக்களையும் இயக்கச் சிறிதளவு மின்சாரம் போதும் என்பதால், பேட்டரி நலிந்துகொண்டிருப்பது கடைசி நாள் வரை வெளியே தெரிவதில்லை. நேற்று மாலை வரை குறையின்றி ஓடிய கார் இன்று காலை மௌனமாகிவிடுகிறது.

உதவிக்கு வருபவருக்கும் இது புதிர். சில மாடல்களில் துணை பேட்டரி பின்பகுதியில் இருக்கிறது. பின்கதவோ மின்சாரத்தில் திறப்பது. முன்பக்கப் பெட்டிக்குள் உள்ள இணைப்பு முனை எது என்பது கையேட்டைப் படித்தவருக்கு மட்டுமே தெரியும். நெடுஞ்சாலை ஓர மெக்கானிக் இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டால், சில ஆயிரம் ரூபாய் பேட்டரியில் தொடங்கிய கோளாறு விலையுயர்ந்த மின்னணுப் பாகங்களில் போய் முடியும். பயணிகள் அமரும் பகுதியை ஒட்டி வைக்கப்படும் பேட்டரி, வாயு கசியாத வகையைச் சேர்ந்ததாகவோ, வாயுவை வெளியேற்றும் குழாய் கொண்டதாகவோ இருக்க வேண்டும் என்பதால், கையில் கிடைத்த பேட்டரியைப் பொருத்திக்கொண்டு கிளம்பவும் வழியில்லை. குடும்பத்துடன் தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்கோ ஹரித்துவாருக்கோ போகும் வழியில் இரவில் சிக்கிக்கொண்டவருக்கு, தம்மிடம் 8 ஆண்டு உத்தரவாதம் இருக்கிறது என்ற நினைவு எந்த ஆறுதலையும் தராது.

அலைக்கழிப்பு அதன்பிறகுதான் தொடங்குகிறது. பேட்டரியும் டயரும் தங்கள் உத்தரவாதத்தில் சேராது, அவற்றைத் தயாரித்தவர்களையே அணுக வேண்டும் என்பது நமது நாட்டில் கார் நிறுவனங்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் நடைமுறை. கூடுதல் பணம் கட்டிப் பெறும் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதத்திலும் இந்த விலக்கு பெரும்பாலும் தொடர்கிறது. பேட்டரி நிறுவனத்தின் முகவரிடம் போனால் அவர் மீட்டரை வைத்துப் பார்க்கிறார். "தயாரிப்பில் குறையில்லை, மின்சாரம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சார்ஜ் ஏற்றினால் சரியாகிவிடும்" என்கிறார். மின்சாரம் ஏன் இறங்கியது என்று சேவை மையத்தைக் கேட்டால், வாடிக்கையாளர் காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்ததுதான் காரணம் என்று பதில் வருகிறது. ஒருவர் பொருளைக் குறை சொல்வதில்லை. மற்றவர் காரைக் குறை சொல்வதில்லை. எஞ்சி நிற்கும் குற்றவாளி காருக்குச் சொந்தக்காரர்.

ஈய அமில பேட்டரி ஒருமுறை அடியோடு வறண்டுபோனால், மீண்டும் சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலிமையைப் பெறுவதில்லை. அதன் தகடுகளில் படியும் சல்பேட் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. எனவே, 'சார்ஜ் ஏற்றினால் சரியாகிவிடும்' என்பது பிரச்னையைச் சில வாரங்களுக்கு ஒத்திப்போடும் பதில் மட்டுமே. தொழிற்சாலையிலிருந்து வந்து, விற்பனையாளரின் திறந்தவெளி முற்றத்தில் வட இந்தியக் கோடை வெயிலில் மாதக்கணக்கில் நின்ற கார் விற்பனைக்குப் போகும்போது, அதன் துணை பேட்டரி எத்தனை முறை வறண்டு உயிர்பெற்றது என்பது வாங்குபவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அந்த ரகசியத்தின் விலையையும் அவரே செலுத்துகிறார்.

கார் நிறுவனங்களின் வாதத்தையும் புறந்தள்ளிவிட முடியாது. பேட்டரி தேய்மானம் அடையும் பொருள். அதன் ஆயுள் பயன்படுத்துபவரின் பழக்கத்தையும் தட்பவெப்பத்தையும் பொருத்தது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டியது இயல்பு என்கிறார்கள். உண்மைதான். ஐந்தாம் ஆண்டில் பழுதான பேட்டரிக்கு யாரும் நஷ்டஈடு கேட்கப்போவதில்லை. ஆனால், கார் வாங்கிய ஓராண்டுக்குள் ஒருமுறைக்கு இருமுறை பேட்டரி வறண்டுபோனால் அதைத் தேய்மானம் என்று எப்படி ஏற்பது? எத்தனை கருவிகள், எவ்வளவு மின்சாரத்தை, நிறுத்தப்பட்ட காரில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தவர் வாடிக்கையாளர் அல்லர். அதற்கு எவ்வளவு கொள்திறன் கொண்ட பேட்டரி போதும் என்று கணக்கிட்டவரும் அவர் அல்லர்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளுக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயமே வகுத்திருக்கிறது. வடிவமைப்பில் குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தராவிட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த அத்தியாயத்தின் நோக்கில் 'தீங்கு' என்பதில் பொருளுக்கே ஏற்படும் சேதமும், உத்தரவாத நிபந்தனை மீறலால் உடைமைக்கு ஏற்படும் சேதமும், பொருளாதார இழப்பும் சேராது என்று அதே சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. ஆக, செத்துப்போன பேட்டரிக்கு அந்த அத்தியாயம் உதவாது. பொருளில் குறைபாடு என்ற வழக்கமான புகாருடன்தான் ஆணையத்தின் படியேற வேண்டும். ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள் கொண்ட ஒப்பந்தம் நியாயமற்றது என்று வாதிடவும் புதிய சட்டம் இடமளிக்கிறது. அந்த வாதத்தை மாவட்ட ஆணையத்தில் வைக்க முடியாது. மாநில ஆணையத்துக்கோ தேசிய ஆணையத்துக்கோதான் போக வேண்டும். சில ஆயிரம் ரூபாய் பேட்டரிக்காக மாநிலத் தலைநகருக்கு வழக்கறிஞருடன் அலைய யார் முன்வருவார்கள்?

மாவட்ட ஆணையத்துக்கே போவதாக வைத்துக்கொள்வோம். குறைபாட்டை உறுதிசெய்யப் பரிசோதனை தேவைப்பட்டால், அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் கட்ட வேண்டும். பரிசோதனை தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆணையங்களில் காலியிடங்கள் நிரப்பப்படாததை உச்சநீதிமன்றம் 2021-ல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொள்ள நேர்ந்த நாட்டில், அந்தக் காலக்கெடுவின் மதிப்பு என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

இதெல்லாம் சில செல்வந்தர்களின் கவலை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய காலமும் உண்டு. 2008-ல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் இறக்குமதியாகி வந்தபோதும், 2010 தில்லி வாகனக் கண்காட்சியில் டொயோட்டா பிரியஸ் அறிமுகமானபோதும் அவை காட்சிப் பொருள்களாகவே இருந்தன. 2022-ல் ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றில் முழு ஹைபிரிட் வகை வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் பிறப்பித்த உத்தரவும், 2018-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் டீசல் கார் மீதான நம்பிக்கையைக் குலைத்தன. பின்னாளில் அந்தக் கெடுபிடி தளர்த்தப்பட்டாலும், குலைந்த நம்பிக்கை முழுமையாகத் திரும்பவில்லை. 2024 ஜூலையில் முழு ஹைபிரிட் கார்களுக்கான பதிவு வரியை உத்தரப் பிரதேச அரசு தள்ளுபடி செய்தது. அரசின் கொள்கைகள் மக்களை ஹைபிரிட் கார்களின் பக்கம் தள்ளியிருக்கும்போது, அந்தக் கார்களை நம்பி வாங்கியவர்களின் குறையைக் கேட்கும் கடமையும் அரசுக்கு வந்துவிடுகிறது.

தன் கஜானாவிலிருந்து பணம் போகும்போது எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு நன்றாகவே தெரியும். மின்வாகன ஊக்கத் திட்டமான 'ஃபேம்' 2015-ல் தொடங்கப்பட்டபோது மிதமான ஹைபிரிட் கார்களுக்கும் சலுகை கிடைத்தது. என்ஜினுக்குச் சற்றே கைகொடுக்கும் அந்தக் கார்கள் இந்தச் சலுகைக்குத் தகுதியற்றவை என்று 2017 ஏப்ரல் முதல் அவை நீக்கப்பட்டன. மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்து எரிந்த 2022-ஆம் ஆண்டுக்குப் பிறகு, வாகனத்தை இழுக்கும் பேட்டரிகளுக்கான பாதுகாப்புத் தர விதிகள் கடுமையாக்கப்பட்டன. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தும் கழிவு மேலாண்மை விதிகளும் அதே ஆண்டில் வந்தன. பேட்டரி தீப்பிடித்தால் விதி உண்டு; குப்பைக்குப் போனால் விதி உண்டு; வழியில் நின்றுபோனால் யார் பதில் சொல்வது என்பதற்குத்தான் விதி இல்லை.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டிலிருந்தே உத்தரவாதத்துக்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது. எதற்கு உத்தரவாதம், எதற்கு இல்லை என்பதை எளிய மொழியில் ஒரே ஆவணமாக, வாங்குவதற்கு முன்பே காட்ட வேண்டும் என்பது அங்கே கட்டாயம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2022 முதல் நடைமுறையில் உள்ள நெறிமுறையின்படி, பொருளை ஒப்படைத்த ஓராண்டுக்குள் தலைகாட்டும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். இந்தியாவிலோ, கார்களுக்குக் குறைந்தபட்சம் இத்தனை ஆண்டு உத்தரவாதம் தர வேண்டும் என்று சட்டம் வரையறுக்கவில்லை. நிறுவனம் மனமுவந்து தருவதே உத்தரவாதம். அது விலக்கி வைப்பதே விலக்கு.

புதிய சட்டம் இயற்றப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒரு வாக்குறுதிக்கான நிபந்தனைக் குறிப்பு முக்கியத் தகவலை மறைக்கக் கூடாது என்றும், வாக்குறுதியின் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. 'பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம்' என்று கொட்டை எழுத்தில் அச்சிடும் நிறுவனங்களிடம், எந்த பேட்டரிக்கு என்பதையும் அதே எழுத்தில் அச்சிடச் சொல்ல ஆணையத்துக்கு ஒரு கடிதம் போதும். துணை பேட்டரிக்கு யார், எத்தனை மாதம் பொறுப்பு, காரை எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்பவை விலைச்சீட்டுடன் தரப்பட வேண்டும். காருடன் வந்த துணை பேட்டரி, காரின் அடிப்படை உத்தரவாதக் காலத்துக்குள் இரண்டாவது முறையாகச் செயலிழந்தால், அதைக் காரின் குறைபாடாகவே கருதி, அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமையைத் தயாரிப்பாளர் மீது வைக்க வேண்டும். பேட்டரி நிறுவனத்துடன் கணக்குத் தீர்த்துக்கொள்வது கார் நிறுவனத்தின் வேலை. அதற்கான வணிக உறவு அவர்களிடையேதான் இருக்கிறது, வாடிக்கையாளருடன் அல்ல.

பழுதுபார்க்கும் உரிமை குறித்து 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, வேளாண் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றுடன் வாகனத் துறையையும் தன் வரம்பில் சேர்த்துக்கொண்டது. துணை பேட்டரி பிரச்னையை அந்தத் துறையின் மேஜைக்குக் கொண்டுசேர்க்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஹைபிரிட் கார் வைத்திருப்போர் ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டே தங்கள் செலவில் பேட்டரியை மாற்றிக்கொள்வதற்குப் பதில், அந்த எண்ணில் புகாரைப் பதிவு செய்தால், எத்தனை கார்கள், எத்தனை மாதங்களில் நின்றுபோயின என்ற கணக்காவது அரசின் கையில் சேரும். இதுவரை அந்தக் கணக்கு கார் நிறுவனங்களின் சேவை மையக் கணினிகளில் மட்டுமே இருக்கிறது.