சன்னிக்கு ஊசி மட்டும் போதுமா?

"சன்னி கண்டுவிட்டது" என்று நம் மூத்தோர் சொன்ன நிலையை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் காணலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசிய முதியவர், கிருமித் தொற்றோ சத்திரசிகிச்சையோ உடலை உலுக்கியதும், பெற்ற மகளை அடையாளம் காணாது திகைக்கிறார்; மூக்கிலுள்ள குழாயைப் பிடுங்குகிறார். இது பைத்தியமன்று. உடலின் நோய் மூளையைக் கலக்கிய நிலை.

இத்தகையோருக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருவது ஹலோபெரிடோல். 1958இல் பெல்ஜியத்தில் உருவாக்கப்பட்ட இம்மருந்து மனச்சிதைவு நோய்க்குப் பெயர்பெற்றது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சன்னி கண்ட 566 பேருக்கு இம்மருந்தோ, சிப்ராசிடோனோ, வெறும் உப்புநீரோ கொடுக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களுக்குச் சன்னி விரைவில் தெளியவில்லை. அவர்களுள் 89 சதவீதத்தினர் கூச்சலிடாது அடங்கிக் கிடந்தவர்கள். 2022இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஹலோபெரிடோல் பெற்றோரிடையே இறப்புக் குறைவாகத் தென்பட்டது. ஆயினும், 90 நாட்களில் வைத்தியசாலைக்கு வெளியே உயிருடன் கழித்த நாட்களில் உறுதியான வேறுபாடு இல்லை.

ஆகவே மருந்தே வேண்டாம் என்பதல்ல என் வாதம். தனக்கே தீங்கிழைக்குமளவு கொந்தளிப்பவருக்குச் சிறிது காலம் அது தேவைப்படலாம். ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடிய மருந்தை வழமையாக எல்லோருக்கும் ஏற்றுவது தகுமா? வலியைத் தணித்தல், இரவில் உறங்கவிடுதல், மூக்குக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தல், இயன்றவரை எழுப்பி நடத்தல், உறவினரை அருகிருத்தல் ஆகியனவே முதலில் செய்யவேண்டியவை.

திருகோணமலை போன்ற துறைமுக மாவட்டத்தில் இப்பட்டியலில் மொழியையும் சேர்க்கவேண்டும். இங்கு தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். சன்னியைக் கண்டறியும் சோதனையே கேள்வியும் கட்டளையுமாக அமைந்தது. விளங்காத மொழியில் கேட்டால், தெளிந்தவரும் குழம்பியவராகவே தோன்றுவார். கண்விழிக்கும் தமிழ் மீனவரைச் சூழ்ந்து சிங்களம் மட்டும் ஒலித்தாலும், சிங்கள மூதாட்டியைச் சூழ்ந்து தமிழ் மட்டும் ஒலித்தாலும் அச்சம் ஒன்றே.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமை மிக அவசரமாகத் தேவைப்படும் இடங்களுள் ஒன்று நோயாளியின் கட்டிலருகு. பார்வை நேரத்தைச் சற்றே தளர்த்தி, நோயாளியின் மொழி பேசும் உறவினர் ஒருவரை அருகில் அமரவிடுவதற்குப் பெரும் செலவில்லை. ஊசியை எடுக்குமுன் அதைச் செய்யலாமே!