ஒளிக்கும் ஒளி

தமிழ்மொழியிலே ‘ஒளி’ என்னுஞ் சொல் இருவகைப் பொருள் தருவது. பெயராக நிற்குமிடத்து அது வெளிச்சத்தைக் குறிக்கும். வினையடியாக நிற்குமிடத்து மறைத்தலைக் குறிக்கும். வெளிச்சமும் மறைவும் ஒன்றுக்கொன்று மாறானவையாயிருக்க, இரண்டுக்கும் ஒரே வடிவம் அமைந்தது எவ்வாறென்று வகுப்பிலே மாணவர் வினவுவதுண்டு. வடிவொத்த இருவேறு சொற்கள் அவை என்று விடை கூறி அமைவதே என் வழக்கம். ஆனால், சென்ற ஆண்டு ஓரிரவு கண்டி வீதியிலே நேர்ந்த நிகழ்ச்சியொன்று, ஒளியே ஒளிக்கவும் வல்லது என்பதை எனக்குக் காட்டிற்று. விழா மலரிலே வாகன விளக்கைப் பற்றியா எழுதுவது என்று சிலர் நகைத்தல் கூடும். கல்லூரியின் பெருமையை எழுதத் தகுதியுடையோர் பலர் உளர். இதனை எழுத வேறொருவர் முன்வருவாரோ என்னும் ஐயத்தினாலேயே நான் இதனை எடுத்துக்கொண்டேன்.

என் தம்பி வலிகாமப் பகுதியிலே தோட்டஞ் செய்பவன். தன் வெங்காயத்தோடு அயலவர் வெங்காயத்தையும் பழைய பிக்கப் வாகனம் ஒன்றில் ஏற்றித் தம்புள்ளைச் சந்தைக்குக் கொண்டுசெல்வான். பாடசாலை விடுமுறைக் காலமாதலின் அன்று நானும் துணையாகச் சென்றேன். ஆனையிறவு வெளியை அடைந்ததும், எதிரே வந்த வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் விளக்கை உயர்த்தித் தாழ்த்திச் சாடை காட்டின. “அண்ணை, எங்கடை லைற் டிம்மிலைதான் இருக்கு. இவைக்கு என்ன விசரே?” என்றான் தம்பி. நானும் அவன் கூற்றுக்கு உடன்பட்டேன். நாலைந்து பேர் இவ்வாறு செய்தபின் அவனுக்குச் சினம் மூண்டது. பரந்தனை அணுகும்போது எதிர்வந்த பேருந்து ஒன்றும் அவ்வாறே செய்ய, “டிம் எது, பிரைற் எது எண்டு இவருக்குக் காட்டுறன்” என்று சொல்லி விளக்கை முழுவதும் உயர்த்தினான். பேருந்துக்காரரும் விட்டுக்கொடுத்திலர். சில வினாடி இரு பக்கத்தாரும் ஒருவர் கண்ணை ஒருவர் குருடாக்கிக்கொண்டு விரைந்தோம்.

பேருந்து கடந்தது. எங்கள் கண்முன் இருளன்றி வேறொன்றும் இல்லை. அவ்விருளினின்று, வாகனத்துக்கு மிக அண்மையில், விளக்கில்லாத சைக்கிள் ஒன்றும் அதன்மேல் ஒரு முதியவரும் தோன்றினர். தம்பி வாகனத்தை வலப்புறமாக வெட்டித் திருப்பினான். இறைவன் அருளால் மோதல் நேரவில்லை. ஆயினும், அம்முதியவர் அஞ்சி வீதிக்கரைக் கிரவலிலே விழுந்துவிட்டார். ஓடிச்சென்று தூக்கினோம். முழங்காலில் உராய்வு மட்டுமே. அவர் எங்களை வைதிலர். “என்ரை பிழைதான் தம்பி, சைக்கிளிலை லைற் இல்லை” என்று கூறிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பழியைத் தாமே ஏற்றுக்கொண்ட அந்தச் சொல் இன்றளவும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

பின்னர் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தினோம். அங்கே கொழும்பிலிருந்து வந்து தரித்து நின்ற லொறிச் சாரதி ஒருவர், வயதிலே மூத்தவர், எங்கள் வாகனத்தருகே வந்து, “லைற்றை நிப்பாட்டாதையுங்கோ தம்பி. முன்னாலை போய் நிண்டு ஒருக்காப் பாருங்கோ” என்றார். நாற்பது அடி தூரம் நடந்து திரும்பிப் பார்த்தோம், பார்க்க முடியவில்லை. ஆளியின்படி விளக்குத் தாழ்ந்தே இருந்தது. வெளிச்சமோ எதிரே நின்ற லொறியின் முகக்கண்ணாடியிலே விழுந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே கையை விட்டுச் சுக்கானின் அருகே இருந்த சிறு சில்லொன்றைத் திருப்பினார். வெளிச்சம் நிலத்துக்கு இறங்கியது. பத்தாண்டாக அவ்வாகனத்தை ஓட்டிய தம்பி, அச்சில்லு எதற்கென்று அன்றுதான் அறிந்தான். அதன்பின் தம்புள்ளை வரை எங்களுக்குச் சாடை காட்டினார் எவருமிலர்.

நிற்க. இதன் காரணத்தைப் பின்னர் விஞ்ஞான ஆசிரியரையும் கராச்சுக்காரரையும் கேட்டறிந்தேன். எச்4 என்னும் வழக்கமான அலசன் மின்குமிழில் இரண்டு இழைகள் உள. ஒன்று தூரவெளிச்சத்துக்கு உரியது. மற்றையது தாழ்வெளிச்சத்துக்கு உரியது. தாழ்வெளிச்ச இழையின் கீழே சிறு உலோகத் தட்டொன்று அமைந்திருக்கும். அத்தட்டு ஒளியை விளக்கின் குழிவாடியின் மேற்பாதியிலே மட்டும் படவிடும். மேற்பாதியிற்பட்டுத் தெறிக்கும் ஒளி கீழ்நோக்கிச் செல்லும். ஆதலின் சுவரிலே பார்த்தால் மேலே இருளும் கீழே வெளிச்சமுமாக ஒரு கோடு தெரியும். இடப்புறம் ஓட்டும் எம் நாட்டுக்குரிய விளக்கிலே அக்கோடு இடக்கரையில் மட்டும் சற்று உயர்ந்திருக்கும். இருபுறமும் ஒவ்வாத இவ்வமைப்பை ஐரோப்பிய நாடுகள் 1957இல் ஏற்றுக்கொண்டன. எதிர்வருவார் கண்ணுக்கு மறைவு, நடைபாதையிற் செல்வார்மேல் வெளிச்சம் என்னும் இரண்டையும் ஒருங்கே பேணிய நல்லறிவு அது.

இந்தக் கோடு பத்து மீற்றர் தூரத்தில் விளக்கின் மட்டத்தினும் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் தாழ்ந்திருத்தல் வேண்டும். அஃதாவது நூற்றுக்கு ஒன்று என்னுஞ் சரிவு. உயரமாகப் பூட்டிய விளக்காயின் சரிவு இன்னுங் கூடுதல் வேண்டும். எங்கள் பிக்கப்பின் விளக்கு நிலத்திலிருந்து 90 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்வோம். நூற்றுக்கு ஒன்று சரிந்தால், 50 மீற்றர் தூரத்தில் அக்கோடு 40 சென்ரிமீற்றர் உயரத்தில், எதிர்வருவாரின் முழங்காலளவில், நிற்கும். இனிப் பின்பெட்டியிலே மூட்டைகளை ஏற்றுக. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 3 மீற்றர். பின்புறம் 6 சென்ரிமீற்றர் அமிழ்ந்தால் வாகனத்தின் மூக்கு நூற்றுக்கு இரண்டு நிமிரும். கீழ்நோக்கிய வெளிச்சம் மேல்நோக்கும். அதே 50 மீற்றரிலே கோடு 140 சென்ரிமீற்றருக்கு உயர்ந்துவிடும். காரோட்டுபவரின் கண் அதற்குக் கீழேதான் உள்ளது. ஆகவே, ஆளி ‘டிம்’ என்று சொல்ல, வாகனம் ‘பிரைற்’ என்றே பேசுகின்றது. இதனைத் திருத்தவே அச்சிறு சில்லு அமைக்கப்பட்டது. வெறும் வாகனத்துக்குச் சுழி. பாரம் கூடக்கூட எண்ணையுங் கூட்டுதல் வேண்டும்.

பாரத்தினால் வருங் கேடு அறியாமையால் வருவது, மன்னிக்கத்தக்கது. விலை கொடுத்து வாங்கும் கேடும் ஒன்றுண்டு. அலசன் குமிழைக் கழற்றிவிட்டு, அதே விளக்கினுள் எல்.ஈ.டி. குமிழையோ செனன் குமிழையோ மாட்டுவது இன்று எங்கும் வழக்கமாகிவிட்டது. எச்4 குமிழின் தாழ்வெளிச்சம் ஏறத்தாழ 1000 லூமன். 35 வற்றுச் செனன் குமிழ் 3000 லூமனுக்கு மேலே தரும். அளவு மிகுதி மாத்திரமன்று குற்றம். இழை எவ்விடத்தில் நிற்குமென்று கணித்து அந்தக் குழிவாடி வார்க்கப்பட்டதோ அவ்விடத்தில் வேற்றுக் குமிழின் ஒளி பிறவாவிடின், கோடு சிதைந்து வெளிச்சம் நாற்புறமும் சிதறும். ஓட்டுபவர் தம் முன்னே தரை வெண்மையாய்த் தெரிவது கண்டு மகிழ்வார். எதிரே வருபவர் அவர் காசைக் கண்ணாற் செலுத்துவார்.

இவ்வழக்கம் பரவியதற்குக் காரணமும் உண்டு. 2020 மார்ச்சு தொடங்கி 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்தமையால், பழைய வாகனங்களையே நாம் பேணி ஓட்ட நேர்ந்தது. வெயிலிலே காய்ந்த விளக்கு முகப்புகள் மஞ்சள் பாரித்து மங்கின. மங்கிய முகப்பைத் துலக்குவதற்குப் பதிலாக வலிய குமிழை வாங்கினோம். மங்கிய முகப்போ அவ்வலிய ஒளியை மேலுஞ் சிதறடித்தது. நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்றாயிற்று.

இதனால் விளையுந் தீங்கு சிறிதன்று. கண்மணி பேரொளி கண்டு சுருங்க ஒரு வினாடியும் வேண்டா. கண் மீண்டும் இருளுக்கு முற்றாகப் பழகவோ ஏறத்தாழ அரைமணி நேரம் வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் மூன்று வினாடியில் 50 மீற்றர் ஓடிவிடும். மூன்று வினாடிக் கண்மயக்கத்தில் 50 மீற்றரைக் குருடராய்க் கடக்கின்றோம் என்பது இதன் பொருள். வயது முதிர்ந்தோரின் கண்வில்லை மங்கலுறுவதால் அவர்களுக்குக் கூச்சமும் மிகுதி. தெளியும் நேரமும் மிகுதி. மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் வீடு செல்லும் நம் மாணவர் அந்த 50 மீற்றருள் எங்கேனும் இருத்தல் கூடும்.

‘தெருவிளக்கில்லாத வீதி, மாடுகள் குறுக்கே கிடக்கும், எனக்கு வலிய வெளிச்சம் வேண்டாவா?’ என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. தூரவெளிச்சம் அதற்காகவே உள்ளது. எதிரே எவருமில்லாதபோது அதனைத் தாராளமாக வழங்குக. ஒருவர் எதிர்ப்பட்டதும் தாழ்த்துக, வேகத்தையுங் குறைத்துக்கொள்க. இருவர் வெளிச்சத்தை உயர்த்தினால் இருவருக்கும் மாடு தெரியாது. ‘சைக்கிள்காரர் விளக்கின்றி வருகின்றனரே’ என்போரும் உளர். அதுவும் உண்மையே. ஆயினும், அம்முதியவரிடம் விளக்கில்லாதது ஒரு குறை. எங்களிடம் இருந்த விளக்கை ஆயுதமாக்கியது குற்றம். குறையுடையவர் தாமே பழியேற்றார். குற்றமுடையோம் நாம் எதிர்வந்தவரை ஏசிக்கொண்டிருந்தோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டு தொட்டே இந்நாட்டில் உள்ளது. சட்டம் இருந்தும் இருட்டிலே ஒவ்வொரு விளக்கின் சரிவையும் அளக்கப் பொலிசாரால் இயலுமோ? என் கருத்தில் வழி வேறுளது. வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு ஆண்டுதோறும் வாகனப் புகையைப் பரிசோதிப்பிக்கின்றோம். வாகனம் அங்கே நிற்கும் அவ்வேளையிலேயே விளக்கின் சரிவையும் பார்ப்பது சில நிமிட வேலை. புகை மூச்சைக் கெடுக்குமென்று அளக்கும் நாம், கண்ணைக் கெடுப்பதை அளவாது விடுதல் பொருந்தாது.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டா. நம் கல்லூரி மைதானத்து மதிலின் முன்னே சமமான நிலம் இருக்கின்றது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியதன் பயனாக இவற்றை அளக்கவல்ல மாணவரும் நம்மிடையே உளர். மதிலைச் சுண்ணாம்பு பூசி அளவுகோடிட்டு, பத்து மீற்றர் தூரத்தில் நிலத்திலும் ஒரு கோடு இடலாம். சில்லுகளின் காற்றைச் சரிபார்த்து, சாரதியை இருக்கையில் இருத்தி, ஒரு விளக்கைத் துணியால் மூடி மற்றையதைப் பார்த்து, விளக்கின் பின்னுள்ள திருகாணியைத் திருப்புளியால் மெல்லத் திருப்பினால் போதும். சரியான அளவை அவ்வவ் வாகனத்தின் கைந்நூல் கூறும். கராச்சு நடத்தும் பழைய மாணவர் இதற்கு வழிகாட்டலாம். மாணவர் தம் பங்குக்குச் சைக்கிளின் பின்னே சிவப்புத் தெறிப்பானும் முன்னே சிறு விளக்கும் பூட்டிக்கொள்ளலாம். பழைய மாணவர் சங்கம் இவ்விழா ஆண்டில் செய்யத்தக்க பணிகளில் இதைவிடச் செலவு குறைந்தது எனக்குத் தெரியவில்லை.

முடிவாக ஒன்று. ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து வந்த முதலாண்டிலே, நான் கற்றதெல்லாவற்றையும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்மேற் கொட்டினேன். பிள்ளைகள் விழித்தனர், அவர்களின் மந்தம் என்று நான் முனிந்தேன். மூத்த ஆசிரியர் ஒருவர் என்னைப் பின்வாங்கிலே இருத்தித் தாம் பாடம் நடத்திய பின்னரே என் பிழை எனக்குத் தெரிந்தது. விளக்கேந்தியவன் தன் விளக்கின் கூச்சத்தைத் தான் காணமாட்டான். அதனைக் காண்பவர் எதிரே நிற்பவரே. ஆதலின் அவர் காட்டுஞ் சாடை பகையன்று.

அன்பர்காள், விழா முடிந்து இரவிலே வீடு திரும்பும்போது எதிரே ஒருவர் உங்களுக்கு வெளிச்சத்தால் சாடை காட்டினால், அவரை வையாதீர்கள், பதிலுக்கு உயர்த்தாதீர்கள். வாகனத்தை ஓரமாக நிறுத்தி இறங்கி, முன்னே நாற்பது அடி நடந்து, ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.