ஆக்காட்டி முட்டையிட்ட இடம் தரிசா?

திருச்சுழிப் பக்கத்துப் பொட்டலில் அம்மாச்சியோடு ஆடு மேய்த்து வளர்ந்தவன் நான். சித்திரை வெயிலில் ஆக்காட்டிக் குருவி தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தினால், அம்மாச்சி ஆடுகளை மறுபக்கம் திருப்பிவிடுவார். "முட்டை கெடக்கும்டா, மிதிச்சுறாத" என்பார்.

ஆக்காட்டி கரைப்பறவை இனத்தைச் சேர்ந்தது. கடலில்லாத எங்கள் பக்கத்தில் வற்றிய கண்மாயும் மேய்ச்சல் பொட்டலும்தான் அதற்குக் கரை. மரத்தில் கூடு கட்டாது. சரளையில் சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். கல்லோடு கல்லாகக் கிடக்கும். வெயில் கடுமையானால் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும்.

பக்கத்து மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி 2022-இல் வந்தது. மகிழ்ச்சிதான். அங்கே மரத்தில் கூடு கட்டும் பறவைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. பொட்டலில் முட்டையிடும் ஆக்காட்டிக்கு இல்லை. அதன் இடத்துக்கு அரசு ஆவணத்தில் 'தரிசு' என்று பெயர்.

இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. தரிசு நிலத்தைக்கூடத் தாழ்த்தப்பட்ட மக்கள் பெறவிடாமல் மிராசுதார்கள் தடுத்ததைச் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாகவே 1892-இல் பஞ்சமி நிலத்துக்கான உத்தரவு வந்தது. நாம் கேட்டால் அது யாருடைய உரிமையோ ஆகிவிடும். மேலே இருப்பவர்கள் கேட்டால் யாருக்கும் உதவாத தரிசாகிவிடும். மனிதரையும் பறவையையும் நான் ஒப்பிடவில்லை. நிலமற்றவரின் மேய்ச்சலும் ஆக்காட்டியின் முட்டையும் ஒரே பதிவேட்டில் விடுபட்டுப் போயிருக்கின்றன என்கிறேன்.

கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அடுத்த 2,500 ஏக்கரைக் 'காலி இடம்' என்று யார் சொல்வது என்பதே கேள்வி. அதேபோல், பறவையைக் காக்கிறோம் என்று வேலி போட்டு ஆட்டுக்காரரை விரட்டினால் அதுவும் அநீதிதான். முட்டை இருக்கும் இடம் அவருக்குத்தான் தெரியும்.

பல்லுயிர்ச் சட்டம், 2002, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்றன 2004-ஆம் ஆண்டு விதிகள். உங்கள் ஊராட்சியில் அந்தக் குழு இருக்கிறதா? அதில் சேரியிலிருந்து யார் இருக்கிறார்? காட்டில் ஆடு மேய்க்கும் பெண் ஒருவராவது உண்டா? கேளுங்கள் தோழர்களே.

மே 1 அன்று கிராம சபை கூடும்போது ஆக்காட்டி அடைகாத்துக்கொண்டிருக்கும். அன்று இரண்டு தீர்மானங்களை முன்வையுங்கள். ஒன்று: பங்குனி முதல் ஆடி வரை கண்மாயில் வண்டல் அள்ளும்போது, முட்டை கிடக்கும் பகுதியை விட்டுவிட வேண்டும், அதை அடையாளம் காட்டும் மேய்ப்பருக்குக் கூலி தர வேண்டும். இரண்டு: எந்தப் பொட்டலையும் கைமாற்றும் முன், அங்கே யார் மேய்க்கிறார்கள், எது முட்டையிடுகிறது என்று கிராம சபையில் பதிய வேண்டும்.

அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பொட்டலை அவர் ஒருநாளும் தரிசு என்று சொன்னதில்லை.