ரோனா கப்பலும் குறி தவறாத குண்டும்

“எங்கள் குண்டு குறி தவறாது. எதிரியை மட்டுமே கொல்லும்” என்று ஆயுத முதலாளிகள் இன்று சத்தியம் செய்கிறார்கள். அந்தக் குண்டு பிறந்த கதை என்ன? அதற்கு இரையானவர்கள் யார்? ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டும் தொழிலாளி முதல் நாகப்பட்டினத்து மீனவர் வரை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

பறக்கும் விமானத்திலிருந்து போட்ட குண்டு ஓடும் கப்பல்மீது விழுவது அரிது. இந்தக் குறையைப் போக்க, ஹிட்லரின் ஜெர்மனியில் ஹென்ஷல் கம்பெனி எச்.எஸ். 293 என்ற குண்டைச் செய்தது. ஹெர்பர்ட் வாக்னர் என்ற நிபுணர் அதற்குத் தலைமை வகித்தார். குட்டி விமானம் போல இறக்கைகள்; அடியில் ராக்கெட்; வாலில் பிரகாசமான ஒளி. விமானத்தில் இருப்பவன் அந்த ஒளியைப் பார்த்தபடி, ஒரு கைப்பிடியை அசைத்து, ரேடியோ மூலம் குண்டைத் திருப்புவான். 1943 ஆகஸ்ட் 27-இல் எக்ரெட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இதற்குப் பலியாயிற்று. செப்டம்பர் 9-இல் பிரிட்ஸ் எக்ஸ் என்ற மற்றொரு குண்டு இத்தாலியின் ரோமா கப்பலை மூழ்கடித்தது.

அதே ஆண்டு நவம்பர் 26. அல்ஜீரியக் கடலில் எச்.எஸ். 293 தாக்கி மூழ்கிய கப்பலின் பெயர் ரோனா.

இந்த ரோனா யாருடைய கப்பல்? பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். 1926-இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் மார்க்கத்துக்கென விடப்பட்டது. நம் பாட்டனார்கள் மறக்காத ரஜூலாவின் கூடப்பிறந்த கப்பல். ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன தமிழ்க் கூலிகளை மேல்தட்டில் ஆடுமாடுபோல் அடைத்துச் சென்று லாபம் குவித்த மார்க்கம் அது. யுத்தம் வந்ததும் அதே கப்பல் சிப்பாய்களை ஏற்றியது.

அன்று அதில் ஏறத்தாழ 2,000 அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். 1,015 பேர் மாண்டார்கள். கப்பலை ஓட்டியவர்கள் பெரும்பாலும் இந்திய மாலுமிகள். அதிகாரிகள் நீங்கலாக 195 ஊழியர்களில் 117 பேர் மாண்டார்கள். இந்திய மாலுமிகள் தங்கள் உயிரை மட்டும் காத்துக்கொண்டார்கள் என்று பிறகு பழி கிளம்பியது. கணக்கைப் பாருங்கள்! சிப்பாய்களில் செத்தவர்கள் பாதிப் பேர். ஊழியர்களில் செத்தவர்கள் நூற்றுக்கு அறுபது பேர். பழிக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

அந்த மாலுமிகளுக்குக் கிடைத்த கூலியோ வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான். 1939-இல் யுத்தம் மூண்டதும் பிரிட்டிஷ் துறைமுகங்களில் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். குண்டுக்கு முன்னால் எல்லோரும் சமம். சம்பளப் பட்டியலில் சமமில்லை!

சாவிலாவது சமத்துவம் உண்டா? பிரிட்டிஷ் வணிக மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில்லில் பொறிக்கப்பட்டன. உயிர் நீத்த சுமார் 6,000 இந்திய வணிக மாலுமிகளின் பெயர்களோ பம்பாயிலும் சிட்டகாங்கிலும் பதிவேட்டுக்குள் அடங்கிவிட்டன. ரோனாவைத் தாக்கிய ஆயுதத்தை அமெரிக்க சர்க்கார் ரகசியமாக்கியது. தன் சிப்பாய்களையே நினைவுகூர்ந்து அமெரிக்க காங்கிரஸ் தீர்மானம் போட்டது 2000-ஆம் ஆண்டில்தான்.

பாசிசத்தை முறியடித்த யுத்தம் நியாயமானது. அதில் ஐயமில்லை. ஆனால் நாஜிகள் தொடங்கிய ஆயுதத் தொழில் நாஜிகளோடு சாகவில்லை. 1944 டிசம்பரில் அமெரிக்கா ஏஸான் என்ற ரேடியோ குண்டைப் பர்மாவின் பாலங்கள்மீது போட்டது. பிறகு லேசர் வந்தது, செயற்கைக்கோள் வந்தது. 2023 முதல் காசாவின் வீடுகளையும் முகாம்களையும் தரைமட்டமாக்கிய குண்டுகளில் எத்தனையோ இவ்வாறு வழிநடத்தப்பட்டவையே. குண்டுக்குக் கண் கிடைத்தது. அதை ஏவும் வர்க்கத்துக்கு மனச்சாட்சி கிடைக்கவில்லை. குறி தவறாத குண்டு என்றால், குழந்தைகள் செத்ததும் குறி வைத்துத்தானா? இதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.

விஞ்ஞானத்தின் மீது நமக்குப் பகை இல்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ரோனாவில் மாண்ட இந்திய மாலுமிகளின் பெயர்களைத் திரட்டி வெளியிடட்டும். அந்தக் கப்பல் வந்துபோன நாகப்பட்டினத்தில் அந்தப் பெயர்களைக் கல்லில் பொறிக்கட்டும். உழைப்பாளியின் பெயர் பதிவேட்டுக்குள் புழுதி படிந்து கிடந்தது போதும்!